ஜின்சி ஒப்புதல் தந்த வீடு

எல்தோவின் வீட்டுக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, போனில் சார்ஜ் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை குர்பானா பூசை முடிந்து கோதமங்கலம் சர்ச் வாசலில் நிற்கும்போது யாராவது வாய்தவறி, "என்ன எல்தோ, வீடு எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார். எல்தோ அங்கேயே போனை எடுத்து, விரலால் கதவைத் தள்ளித் திறந்து, முன்னறை, மாடிப்படி, படுக்கையறை என்று கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் குழாய்வரை காட்டிவிட்டுத்தான் விடுவான். குழாயைத் தொட்டால் அது எந்தக் கம்பெனி, என்ன விலை, ஆர்டர் கொடுத்தால் எத்தனை வாரத்தில் வந்து சேரும் என்பதெல்லாம் எழுத்தாக வந்து நிற்கும். தண்ணீர் மட்டும் வராது.

நிஜ வீடு கூப்பிடு தூரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெறும் அஸ்திவாரமாகக் கிடந்தது. கல்லில் பாசி பிடித்துவிட்டது. நிலம் சும்மா கிடக்கிறதே என்று எல்தோவின் மச்சினன் சாபு ஒவ்வொரு அறையிலும் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு நட்டு வைத்திருந்தான்.

"பெரிய பெட்ரூம் கப்பைதான் அளியா, மாவு மாதிரி வேகுது. ஆனா பிரேயர் ரூம்ல போட்டது ஒரே கசப்பு. யாரு என்ன பாவம் பண்ணீங்களோ!" என்பான் சாபு. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். எல்தோவும் சிரித்து வைப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்தோவின் தொழிலே கட்டடத்துக்குச் சாமான் வாங்குவதுதான். காக்கநாட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆணி முதல் லிஃப்ட் வரை வாங்கிப் போடும் கொள்முதல் பிரிவுக்கு அவன்தான் தலைவன். மண்ணில் ஒரு கல் விழுவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் முழுசாக எழுந்துவிட்டது. மாடல் என்பார்கள் அதை. மாடலில் நிற்கும் ஒவ்வொரு கதவுக்கும், தான் எந்தச் சுவரில் என்றைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது தெரியும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, என்றைக்கு ஆர்டர் போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இன்னும் முடிவாகாத பொருள் சாம்பல் நிறத்தில் தெரியும். வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்தால் பச்சை. ஆர்டர் போய்விட்டால் நீலம். லாரியிலிருந்து இறங்கிய பிறகுதான் அதற்குச் சொந்த நிறம் வரும்.

சாம்பல் நிறத்தைக் கண்டாலே எல்தோவுக்கு உச்சந்தலை சுடும். கூட்டத்தில் மேசையைத் தட்டுவான்.

"பச்சை ஆகாத பொருளுக்கு ஒரு ஆணி வாங்க மாட்டேன். பச்சை ஆனதுக்கப்புறம், ஆண்டவரே இறங்கி வந்து மாத்தச் சொன்னாலும், என்ன காரணம்னு எழுதிட்டுப் போகச் சொல்வேன்!"

சும்மா சொன்னதில்லை. கம்பெனியின் சேர்மன் ஒருமுறை வரவேற்பு மேசையின் மரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னபோது, "காரணம் சார்?" என்று கேட்டு நின்றவன் அவன். சேர்மன் விழித்தார், பிறகு பழைய மரமே போதும் என்று போய்விட்டார். அதற்குப் பின்னால் ஆர்கிடெக்டுகள் அவனுக்குப் பச்சைக்கிளி என்று பெயர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்படிப்பட்டவன் சொந்த வீட்டுக்கு மட்டும் வேறு சட்டமா வைப்பான்? வீட்டின் மாடலை அவனே ஆபீஸில் ஹஸ்னா என்ற, மாடல் போடும் பெண்ணின் உதவியோடு உருவாக்கினான். அதற்கு வாடிக்கையாளர் அவன் மனைவி ஜின்சி. அவள் பச்சை காட்டாமல் ஒரு செங்கல் வாங்குவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். ஜின்சி அயர்லாந்தில், கால்வே நகரத்தில் நர்ஸ்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில், கைக்குழந்தையாக இருந்த மகள் ஐரினை அவன் தோளில் போட்டுவிட்டு, "ரெண்டே வருஷம் சேட்டாயி, கடனெல்லாம் அடைச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்றுதான் போனாள். கடன் அடைந்தது. பிறகு ஐரினையும் கூப்பிட்டுக்கொண்டாள். எல்தோவும் பின்னாலேயே போய் ஒரு வருடம் இருந்து பார்த்தான். அவனுடைய வேலைக்கு அங்கே யாரும் கதவைத் திறக்கவில்லை. குளிர்க் கிடங்கு ஒன்றில் கோழிக்கறிப் பெட்டி அடுக்கினான். ஊரில் அவனைப் பெற்ற அப்பச்சன் படுத்த படுக்கையானார் என்று தகவல் வந்ததும் திரும்பி வந்தான். அப்பச்சன் போய்ச் சேர்ந்த பிறகும் இவன் போகவில்லை. வீடு கட்டினால் அவள் வந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு.

ஞாயிறு மதியம் இருவரும் மாடலுக்குள் சந்திப்பார்கள். இவன் சோறு உண்டுவிட்டு வருவான், அவள் நைட் ட்யூட்டி முடித்துவிட்டு வருவாள். யார் உள்ளே வந்தாலும் அவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன உருவம், தலைக்குமேல் பெயரோடு தெரியும். இரண்டு உருவங்களும் அறை அறையாக நடக்கும், பேசும், சண்டை போடும்.

"இந்த ஜன்னல இன்னும் பெருசாக்குங்க சேட்டாயி. வெயில் நேரா மேல விழணும். இங்க எலும்புக்குள்ள ஈரம் இறங்குது."

"போன லீவுல வந்தப்ப வேகுது வேகுதுன்னு நீதானே கத்தின? ஜன்னல சின்னதாக்குன்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

"அது மே மாசம். மே மாசத்துல மனுஷன் சொல்றதெல்லாம் கணக்குல எடுப்பாங்களா?"

கால்வேயில் குளிர் ஏறினால் கோதமங்கலத்தில் ஜன்னல் பெரிதாகும். அவள் லீவுக்கு வந்து வியர்த்துவிட்டுப் போனால் சின்னதாகும். ஐரினின் அறையில் முதலில் தொட்டில் இருந்தது, பிறகு படிப்பு மேசை வந்தது, போன வருடம் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அவளே கேட்டு வைத்துக்கொண்டாள். கட்டாத வீட்டுக்குள் பிள்ளை வளர்ந்து பெரியவளானாள். வீடு மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றது.

சில ஞாயிறுகளில் ஜின்சி அசதியில் பேசிக்கொண்டே தூங்கிப்போவாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அவளுடைய உருவம் வராந்தாவில் நின்ற இடத்திலேயே நிற்கும். எல்தோ போனை அணைக்க மாட்டான். தன் உருவத்தை நகர்த்திக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்துவான். இரண்டும் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும். ஆபீஸில் அத்தனை பேரை அதட்டுகிறவன் இப்படி உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்று அவனுக்கு ஒரு பயமும் உண்டு.

ஓணம் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலையில், வழக்கம்போல ஆபீஸ் வேலைக்கு முன்னால் தன் வீட்டை ஒரு நடை எட்டிப்பார்க்கலாம் என்று மாடலைத் திறந்தான் எல்தோ. வீடு முழுக்கப் பச்சையாக இருந்தது. சுவர் பச்சை, ஓடு பச்சை, ஜன்னல் பச்சை, ஐரின் அறைத் தாழ்ப்பாள்கூடப் பச்சை. ஒன்று விடாமல் ஒப்புதல் கொடுத்திருந்தாள் ஜின்சி.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்து, திரும்ப எழுந்தான். "ஹஸ்னா! மோளே, இங்க வா! இத எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதா?"

ஹஸ்னா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சாரே! ஜின்சி சேச்சி வர்றாங்க!"

அந்த வார்த்தையை முதலில் சொன்னது ஹஸ்னாதான். அன்று மதியம் ஆபீஸ் முழுவதற்கும் எல்தோவின் செலவில் பிரியாணி. ஆர்கிடெக்டுகளுக்கும் சேர்த்துத்தான்.

சாயங்காலம் ஜின்சியைப் போனில் பிடித்தான். அவள் வார்டில் இருந்தாள், பின்னால் வண்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

"பாத்தேன்டி," என்றான்.

"பாத்துட்டீங்கல்ல? இனி என்னால லேட் ஆக வேணாம். மழை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடுங்க."

"எப்ப வர்ற?"

"மொதல்ல கட்டுங்க சேட்டாயி. பெல் அடிக்குது, நான் வெக்கிறேன்."

சாமான் தருகிற வியாபாரி எவனாவது இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால், எல்தோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து, தேதி சொல்லு என்று நெருக்கியிருப்பான். ஆனால் ஆசை ஒருவனுக்குக் கண்ணை மறைத்தால் தொழில்புத்தியையும் சேர்த்தே மறைக்கும். அதுமட்டுமா? ஒப்புதல் வந்ததும் பழைய மாடலையும் புதிய மாடலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகே ஆர்டர் போட வேண்டும் என்பது அவனே போட்ட விதி. அதைச் செய்யாத ஒரு பையனைப் போன வருடம் அழ வைத்திருக்கிறான். இப்போது அவனே செய்யவில்லை. பச்சையைப் பார்த்தான், ஆர்டர் போட்டான்.

சாபு கப்பையைப் பிடுங்கினான். "அளியா, எங்க குடும்பத்துக்கு இனி சோறு போடப் போறது யாரு?" என்று புலம்பிக்கொண்டே ஒரு சாக்குக் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். சுவர் எழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் கூரை போட்டாயிற்று. ஈஸ்டர் கழிந்து புதுவீட்டுப் பாலுகாச்சல் என்று எல்தோ தேதி குறித்து மாடலில் போட்டான், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு சாமானுக்கும் நாள் வந்தது. ஜன்னல்கள் லாரியில் வந்த அன்று லீவு போட்டுவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த அவற்றுக்கு எதிரே ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். எத்தனை தடவை பெரிதாகிச் சின்னதான ஜன்னல்! கடைசியில் அவள் பெரிதாகத்தான் விட்டிருந்தாள். வெயில் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள், இனி அவளுக்கு எலும்பில் ஈரம் இறங்காது என்று நினைத்தபோது அவனுக்குக் கண் நிறைந்தது.

சமையலறைக்குக் கருங்கல் பலகை வெட்ட வேண்டிய நேரம் வந்தது. கல் அறுக்கும் பௌலோஸ் சேட்டன் அளவு கேட்டு நச்சரித்தார். ஹஸ்னா சாப்பாட்டு இடைவேளையில் அளவுப்படம் எடுக்க உட்கார்ந்தாள். அவள் எல்தோவிடம் தொழில் கற்றவள், ஆசையும் அவளுடையது இல்லை. பழைய மாடலையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். மாறாததெல்லாம் மங்கலாகிவிட, மாறிய பொருள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எழுந்து வந்தது. வீடு முழுவதிலும் ஒரே ஒரு பொருள்.

"சாரே, சேச்சி பச்சை போடறதுக்கு முன்னாடி சமையல் மேடைய மட்டும் உசத்தியிருக்காங்க."

"எவ்வளவு?"

"அரைச் சாணுக்கு மேலயே இருக்கும். சாருக்குச் சரியா இருக்கும்." ஹஸ்னா சிரித்தாள். "ஆனா சேச்சி குட்டியா இருப்பாங்கன்னு சொல்வீங்களே? அவங்களுக்கு எட்டுமா? பலகை போட்டு ஏறித்தான் நிக்கணும்."

எல்தோ திரையைப் பார்த்தான். ஜின்சி அவன் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருப்பாள். கல்யாண போட்டோவில் அவளைச் செங்கல்மேல் நிறுத்தியதாக இன்றும் சாபு கேலி செய்வான். வீட்டில் எத்தனையோ மாற்றியவள், அந்த மேடையை மட்டும் தொட்டதே கிடையாது. முதல் நாளே தன் முழங்கையை மடக்கி அளந்து சொன்ன உயரம் அது. அதைத்தான் உயர்த்தியிருக்கிறாள்.

"சாரே? அளவ அனுப்பிடவா?"

"வேணாம்," என்றான்.

கதவு இன்னும் பொருத்தாத தன் வீட்டுக்குப் போய், சமையலறைத் தரையில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டான். ஜின்சி வீட்டில் இருந்தாள், ட்யூட்டிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கிச்சன் மேடைய நீ உசத்தினியா?"

சீப்பு நின்றது. "ம்."

"ஏன்?"

"உங்க உயரத்துக்கு அதான் சரி. குனிஞ்சு குனிஞ்சு நின்னா முதுகு போயிடும். முதுகுன்னு வந்து படுக்கிறவங்கள தினம் பாக்கறேன் நான்."

"உனக்கு எட்டாதேடி."

"சமைக்கப் போறது யாரு சேட்டாயி?"

வெளியே சாபு யாரோ கொத்தனாரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். எல்தோ போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நீ வருவேன்னுதானே பச்சை போட்ட?"

"பச்சைன்னா வாங்கலாம்னு அர்த்தம்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? வர்றேன்னு அதுல எங்க இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "சர்ச் வாசல்ல போன நீட்டிக்கிட்டு நிக்கிறீங்களாம். பின்னால சிரிக்கிறாங்களாம். சாபு சொன்னான். அன்னிக்கு எனக்கு வார்டுல கையே ஓடல. நான் ஜன்னல மாத்தி மாத்தி இழுத்ததாலதானே? முடிவு சொல்லப் பயந்துகிட்டுதான் சேட்டாயி மாத்திக்கிட்டே இருந்தேன். மாத்திக்கிட்டே இருந்தா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்களோட அங்க நடக்கலாம்ல."

"இப்ப முடிவு பண்ணிட்டியா?"

"ஐரினுக்கு இதான் ஊரு. எனக்கும்... இங்க ஒரு வார்டே என் பேச்சக் கேக்குது. அங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா சின்னப் பொண்ணக் கூப்பிடற மாதிரி 'கொச்சே, அந்தத் தட்ட எடு'ன்னு சொல்வாங்க. என்னால இனி முடியாது."

"அப்ப நான் வந்துடறேன்."

"வந்தீங்களே. கோழிப் பெட்டி அடுக்கிட்டு வந்து சோபாவுல உக்காந்து சுவத்தையே பாத்துக்கிட்டிருப்பீங்க. அந்த ஒரு வருஷம் நீங்க யாரையும் ஒரு வார்த்த திட்டல. நீங்க யாரையும் திட்டாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

எல்தோ மேடை வர வேண்டிய வெற்றுச் சுவரைப் பார்த்தான். "லீவுக்காவது வருவேல்ல? வந்தா எதுமேல வெச்சுக் கறி நறுக்குவ?"

"லீவுக்கு வர்றவ விருந்தாளி. விருந்தாளி உயரத்துக்கு யாராவது மேடை கட்டுவாங்களா?"

"என்னை விட்டுட்டேன்னு நேரா சொல்லேன்."

"விட்டிருந்தா உங்க முதுகப் பத்தி நெனப்பேனா, மண்டா!" என்று கத்திவிட்டு ஜின்சி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனாள்.

அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது எல்தோவுக்கு. அதைவிட அதிகமாக அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. திரையில் அல்ல, பக்கத்தில், இந்தச் சமையலறையில், வெங்காய வாசனையோடு. இத்தனை வருடம் இல்லாத ஏக்கமா என்று கேட்டால், இத்தனை வருடம் தேதி தெரியாத ஏக்கம், இப்போது தேதியே இல்லாத ஏக்கம். இரண்டும் ஒன்றல்ல.

மறுநாள் பௌலோஸ் சேட்டன் போனில் பிடித்துக்கொண்டார். "எடா எல்தோ, கல்லு சும்மா கிடக்குது. உசரத்தச் சொல்லித் தொலை. ஊருக்கெல்லாம் தேதி கேட்டு உயிர வாங்கறவன் நீ."

"பத்து நிமிஷத்துல அனுப்பறேன் சேட்டா."

மாடலைத் திறந்தான். வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த பச்சை மேடை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பச்சையான எதையும் அவன் தன் கையால் மாற்றியதில்லை. உயரத்தை அழித்துவிட்டு, ஜின்சி முழங்கையை மடக்கி அளந்த பழைய உயரத்தைப் போட்டான். ஒப்புதலுக்குப் பின் மாற்றினால் காரணம் சொல்லாமல் மாடல் விடாது. அப்படி அமைக்கச் சொல்லிச் சண்டை போட்டவனே அவன்தான். பொருள் கிடைக்கவில்லை, விலை கூடியது, வாடிக்கையாளர் விருப்பம், அளவு தவறு என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'அளவு தவறு' என்பதைத் தொட்டான். மேடை நீலமானது.

பாலுகாச்சலுக்கு ஜின்சிக்கு லீவு கிடைக்கவில்லை. சர்ச் பாதிரியார் அச்சன் வந்து ஜெபித்துவிட்டு, "பரவாயில்லையே, கரண்டு போனாலும் வீடு நிக்குது!" என்று சாபு சொல்லிக் கொடுத்த கேலியைச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் போன் கைக்குக் கை மாறியதில் ஜின்சி பாதி வீட்டைத்தான் பார்த்தாள். சமையலறை நிறையப் பெண்கள் நின்றதால் மேடை கண்ணில் படவில்லை. எல்தோவும் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு, நிஜ வீட்டில் முதல் முறையாகத் தனியாகச் சமைத்தான். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தான். கால்வேயில் ஜின்சி போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டு, குடம்புளி போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கக் குனிந்தான்.

"நல்லா பொடியா நறுக்குங்க. இது என்ன, மாட்டுக்குத் தீனியா?"

"வந்து நறுக்கிக்கோ."

அவன் பாதி வெங்காயத்தில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். திரும்பக் குனிந்தான். ஜின்சி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"சேட்டாயி."

"ம்?"

"மேடை ஏன் அவ்வளவு கீழ இருக்கு?"

"பௌலோஸ் சேட்டன் தப்பா வெட்டிட்டாரு."

"தப்பா வந்த சரக்க நீங்க திருப்பி அனுப்பாம விட்டிருக்கீங்களா, ஜென்மத்துல?"

எல்தோ வெங்காயத்தை நறுக்கினான். கண்ணிலிருந்து வழிந்ததற்கு வெங்காயம் என்று ஒரு சாக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். போர்வை விலகும் சத்தம் கேட்டது, அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பேசியபோது அது மனைவியின் குரலாக இல்லை, வார்டில் பேசுகிற குரலாக இருந்தது.

"முதுக வளைக்காதீங்க. அப்படி வளைச்சா ஒரே மாசத்துல படுத்துடுவீங்க. கால அகட்டி வெச்சு, முழங்கால மடக்குங்க. பேஷன்ட்டத் தூக்கறப்ப நாங்க அப்படித்தான் நிப்போம்."

அவன் கத்தியை வைத்துவிட்டு, காலை அகட்டி, முழங்காலை மடக்கினான். மேடை உயர்ந்து வந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ."

இறங்கினான்.

"இன்னும்." அவள் குரல் மாறத் தொடங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சூண்டு. ம்... போதும். அந்த உசரத்துலதான் நான் நிப்பேன்."

எல்தோவின் தொடை நடுங்கியது. எதிரே ஜன்னலில் ரப்பர் மரங்களும், அவற்றுக்கு அடியில் வெயில் விழுந்த ஒரு துண்டு நிலமும் தெரிந்தன. நிமிர்ந்து நின்றபோது அந்த நிலம் அவன் கண்ணில் பட்டதே இல்லை. மீன் வேகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை, அவளும் போனை வைக்கவில்லை.